ஜன்னல் பக்கத்து மேசைகள்

அந்த இயற்பியல் ஆய்வகத்தில் கதவுப் பக்கத்து மேசைகளில் பையன்கள் இருப்பார்கள், ஜன்னல் பக்கத்து மேசைகளில் பெண்கள். அப்படி உட்காருங்கள் என்று யாரும் உத்தரவு போட்டதில்லை. மாநகரப் பேருந்தில் இடப்பக்க இருக்கை பெண்களுக்கு என்று எல்லோருக்கும் தானாகத் தெரிகிற மாதிரி, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே தெரிந்துவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஷீலா டீச்சர் நடந்துகொண்டிருப்பாள். ஒரே கடைக்குள் ஆளைப் பார்த்து இரண்டு விலை சொல்கிற வியாபாரிக்காவது தான் இரண்டு விலை சொல்கிறோம் என்று தெரியும். ஷீலாவுக்கு அதுகூடத் தெரியாது.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் பழைய பள்ளி அது. அடையாற்றில் உள்ள ஓர் ஆய்வு நிலையத்தார் அந்த வருடம் புதுவிதமான செய்முறை வகுப்பைச் சோதித்துப் பார்க்க நான்கைந்து பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் இதுவும் ஒன்று. கையேடு கிடையாது. ‘இந்தக் கம்பியை இங்கே கட்டு, இந்த அட்டவணையை நிரப்பு’ என்கிற பேச்சே இல்லை. கரும்பலகையில் ஒரு கேள்வி இருக்கும். பிள்ளைகளே யோசித்து, தாங்களே சாமான்களைப் பொறுக்கி எடுத்து, உடைத்து, சிந்தி, விடை கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்கலாம். பதில் சொல்லக்கூடாது.

அன்றைய கேள்வி: அடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தால், முழுப் பாட்டில் காலியாகும் நேரத்தில் பாதி நேரத்தில் காலியாகுமா?

“மிஸ், பேன்ட்டுல ஊத்துது மிஸ்!” என்று கத்தினான் கபாலி. ஓட்டையைக் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குப் போட்டிருந்தான்.

“ஊத்தட்டும். ஏன் ஊத்துதுன்னு யோசி.”

“ஓட்டை பெருசு மிஸ்.”

“அப்ப?”

“அப்ப இன்னா பண்றது மிஸ்?”

“அதை என்னைக் கேக்காதடா. உன் மண்டைக்குள்ள ஒருத்தன் சும்மா உட்காந்திருக்கான் பாரு, அவனைக் கேளு.”

மேசையே சிரித்தது. கபாலியும் சிரித்தான். ஆய்வக உதவியாளர் டில்லிபாபு துடைப்பத்தோடு வந்து, “மவனே, நீ ஃபிஸிக்ஸ் படிக்கிறியா, மீன் புடிக்கிறியா?” என்று தரையைத் துடைத்தார்.

ஜன்னல் பக்கம் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஷண்முகப்ரியாவும் ஷ்ரேயாவும் சின்ன ஓட்டையாகப் போட்டு, பாட்டிலில் கோடு கிழித்து, வெவ்வேறு உயரங்களுக்கு நேரம் எடுத்து வரைபடமும் போட்டுவிட்டார்கள். கோடு நேராக வராமல் வளைந்தது. இருவரும் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வளையுதா?” என்று ஷீலா குனிந்தாள். குரல் தேனாக இழைந்தது. “இங்க பாருடா கண்ணு. உயரத்தை அப்படியே போட்டா வளையும். வர்க்கமூலம் எடுத்துப் போடு. ம்… இந்த ஒரு அளவு தப்பா எடுத்திருக்கீங்க, விட்டுடுங்க.” சொல்லிக்கொண்டே பென்சிலை வாங்கினாள். புள்ளிகள் வைத்தாள். அடிமட்டம் வைத்து இழுத்தாள். கோடு நேராக நின்றது. “பாத்தியா, எவ்ளோ அழகா வருது!”

“ம்” என்றாள் ஷண்முகப்ரியா.

கதவுப் பக்கத்தில் அரை மணி நேரம் கழித்து ஒரு கூச்சல் எழுந்தது. “மிஸ்! பாதித் தண்ணிக்குப் பாதி நேரம் பத்தல மிஸ்! அதிகமா ஆவுது! மேல தண்ணி இருந்தா அது அமுக்குது மிஸ், அதான் மொதல்ல வேகமாப் போவுது!” கபாலி ஈரக் காலோடு மேசையைச் சுற்றி ஓடிவந்தான். ஜன்னல் பக்கத்துப் பெண்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய நோட்டில் விடை எப்போதோ வந்துவிட்டது. ஓடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஷீலா இதை ஓரவஞ்சனை என்று நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால், பெண்களுக்குச் சாதகமான ஓரவஞ்சனை என்று சொல்லியிருப்பாள். அவள் கல்லூரியில் படித்தபோது கருவிகளைத் தொட்டவர்கள் பையன்கள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று அளவுகளை எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை அவள் கை பட்டு ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தது. அந்த வருடம் முழுக்க அதைச் சொல்லியே சிரித்தார்கள். தன் ஆய்வகத்தில் எந்தப் பெண்ணும் பையன்களுக்கு எதிரில் அசடு வழிந்து நிற்கக்கூடாது என்று ஷீலா அப்போதே முடிவு செய்திருந்தாள். பையன் உடைத்தால் ஆராய்ச்சி என்பார்கள், பெண் உடைத்தால் கவனமில்லை என்பார்கள். உடையாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று.

டில்லிபாபுவுக்கும் இது வசதியாக இருந்தது. “மேடம் அந்தப் பக்கம் போனா எனக்கு நிம்மதி. வேலையே கெடையாது” என்பார்.

*

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் நிஷா வந்தாள். அடையாறு நிலையத்தில் இந்தச் சோதனையை நடத்துகிற இளம் ஆராய்ச்சியாளர். ஆண்டு ஆரம்பத்திலும் இப்போதும் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்திருந்தாள்: இயற்பியல் பிடிக்குமா, மேலே படிக்க ஆசையா, ஆய்வக மணி அடித்தால் சந்தோஷமா, இப்படி. அதன் முடிவோடு தலைமையாசிரியர் நெடுஞ்செழியனின் அறையில் உட்கார்ந்திருந்தாள். ஷீலாவும் இருந்தாள்.

“பசங்களோட ஆர்வம் நல்லா ஏறியிருக்கு சார்” என்றாள் நிஷா. “பொண்ணுங்களோடது இறங்கியிருக்கு. ஆரம்பத்துல இருந்ததை விடவே கீழ.”

நெடுஞ்செழியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு செய்தி தனக்கு முன்பே தெரியும் என்று காட்ட அவருக்கு இருந்த வழி அது. “நான் அப்பவே சொன்னேனே. நம்ம பொண்ணுங்களுக்கு இது ஒத்து வராது. இப்படிச் செய் அப்படிச் செய்னு சொன்னா கரெக்டா செய்வாங்க. அவங்களைப் போய் நடுக்கடல்ல தள்ளி நீந்துன்னா?”

“இல்ல சார், அதான் புரியல. மத்த ஸ்கூல்ல எல்லாம் ரெண்டு பேருக்குமே ஏறியிருக்கு. சில இடத்துல பொண்ணுங்களுக்குத்தான் அதிகம். இங்க மட்டும் இப்படி. இத்தனைக்கும் இங்க பொண்ணுங்க டேபிள்லதான் எல்லா விடையும் சரியா வந்திருக்கு.” நிஷா ஷீலாவின் பக்கம் திரும்பினாள். “மேடம், நீங்கதானே கூடவே இருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது தோணுதா?”

ஷீலாவுக்குத் தோன்றியது. ஒரு பென்சில் நினைவுக்கு வந்தது. தன் கையில் இருந்த பென்சில். ஷண்முகப்ரியாவிடமிருந்து வாங்கிய பென்சில். மற்ற பள்ளிகளில் இல்லாமல் இந்தப் பள்ளியில் மட்டும் இருக்கிற ஒரு சாமான் எது என்று யாராவது கேட்டால், அது தான்தான் என்று அந்தக் கணத்தில் அவளால் சொல்லியிருக்க முடியும்.

ஆனால் வருகிற கோடை விடுமுறையில் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த முறையில் பயிற்சி கொடுக்க அடையாற்றில் அவள் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் அதைப் போன வாரம்தான் காலை வழிபாட்டில் அறிவித்துக் கைதட்டல் வாங்கிக் கொடுத்திருந்தார்.

“இந்த வயசுல பொண்ணுங்க கொஞ்சம் கூச்சப்படுவாங்க” என்றாள் ஷீலா. “பசங்க எதிர்ல தப்பு வந்துடுமோன்னு ஒரு பயம். அதுவா இருக்கலாம்.”

நிஷா அதைக் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம் என்று ஷீலாவுக்கு இருந்தது. அவள் சொன்ன பொய்க்கு அடையாற்றில் இனிமேல் ஒரு முகவரி உண்டு.

“அப்ப ஒண்ணு பண்ணலாம்” என்றார் நெடுஞ்செழியன். “அரையாண்டு முடிஞ்சதும் பொண்ணுங்க பழையபடி கையேட்டை வெச்சுச் செய்யட்டும். பப்ளிக்ல மார்க்காவது முழுசா வரும். பசங்க உங்க முறையிலயே போகட்டும். எல்லாருக்கும் நல்லது. என்ன மேடம்?”

ஷீலா தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு வெளியே வந்தவள், வராந்தாவில் குடிநீர்க் குழாயைத் திறந்து இரண்டு கையையும் கழுவினாள். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

*

அதற்கு அடுத்த நாள் ஷ்ரேயா ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். அபிராமபுரத்துப் பெண். அப்பா ஆடிட்டர். அறிவியல் பிரிவை விட்டு வணிகவியலுக்கு மாறப்போகிறாள். ஒவ்வொரு பாட ஆசிரியரின் கையெழுத்தும் வேண்டும்.

“ஏன்டா?” என்றாள் ஷீலா. “உனக்குத்தான் லேப்ல எல்லாம் சரியா வருதே.”

“வரது மிஸ்.” ஷ்ரேயா ஜன்னலைப் பார்த்தாள். “ஆனா நான் வரவழைக்கலை. ஆத்துல அப்பா கேட்டார், இன்னிக்கு என்ன பண்ணேன்னு. பாட்டில்ல தண்ணி போறதைப் பார்த்துண்டு நின்னேன்னேன். அதுக்குக் காமர்ஸே படிக்கலாமேன்னுட்டார். எனக்கும் சரின்னுதான் பட்டுது.” பிறகு, டீச்சரின் மனம் நோகக்கூடாது என்று நினைத்தவளாக, “நீங்க ரொம்ப நன்னா சொல்லித் தருவேள் மிஸ். எனக்குத்தான் ஃபிஸிக்ஸ் வரலை” என்றாள்.

ஷீலா கையெழுத்துப் போட்டாள். முத்து முத்தான கையெழுத்து.

மாலையில் ஆய்வகத்தில் ஷண்முகப்ரியா மட்டும் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாந்தோம் கரையோரத்துக் குப்பத்திலிருந்து வருகிறவள். அவளுக்கு யார் மனம் நோகிறது என்கிற கவலையெல்லாம் கிடையாது.

“நீயும் போயிடுவியா?” என்று கேட்டாள் ஷீலா. கேலியாகக் கேட்பதாகத்தான் நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

“போவல மிஸ். காமர்ஸ்ல சீட் கெடைக்காது.”

“லேப் பிடிக்கலையா உனக்கு?”

“மொதல்ல புடிச்சுது.” ஒரு பாட்டிலைக் கவிழ்த்து வைத்தாள். “எங்க வூட்ல எங்க மாமா கீறாரு மிஸ். டிவி ரிமோட்ட கையில வெச்சிக்கினு, ‘இன்னா பாக்கணும் சொல்லு கண்ணு’ம்பாரு. ரொம்பப் பாசம். நான் சொன்னதத்தான் போடுவாரு. ஆனா ரிமோட்டக் குடுக்க மாட்டாரு. கொஞ்ச நாள்ல எனக்கு டிவியே வாணாம்னு ஆயிடுச்சு.”

“நான் மாமாவா?”

“நான் அப்பிடிச் சொல்லல மிஸ்.” ஷண்முகப்ரியா அடுத்த பாட்டிலை எடுத்தாள். “நீங்களா சொல்லிக்கறீங்க.”

*

அந்தச் சனிக்கிழமை ஷீலா தி.நகருக்குத் தம்பியின் கடைக்குப் போனாள். உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பாத்திரக் கடை. அப்பா வைத்தது. இப்போது தம்பி வேம்பு பார்க்கிறான். ஷீலாவும் அந்தக் குக்கர்களுக்கும் குண்டான்களுக்கும் நடுவில்தான் வளர்ந்தாள். ‘முதல் விலை பொய், இரண்டாவது விலை நடிப்பு, மூன்றாவது விலைக்குத்தான் பொருள்’ என்கிற கணக்கு, வாய்ப்பாட்டுக்கு முன்பே அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? மனசு சரியில்லாத நாளில் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது.

“அக்கா, ரெண்டு வாய் சாப்ட்டு வந்துடறேன், கல்லாவுல உட்காரு” என்று வேம்பு உள்ளே போனான்.

நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி இட்லிக் குண்டானைத் தூக்கித் தட்டிப் பார்த்து, விலை கேட்டு, அதில் பாதியைச் சொன்னாள். ஷீலாவுக்கு அன்றைக்கு யாரிடமும் மல்லுக்கட்டத் தெம்பு இல்லை. யாருக்காவது ஏதாவது நல்லது செய்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

“சரிங்க, எடுத்துக்குங்க” என்றாள்.

அந்த அம்மாள் குண்டானை அப்படியே நிறுத்தினாள். “இன்னா, ஒடனே குடுக்கறீங்க? ஓட்டை கீட்டை எதுனா கீதா?” வெளிச்சத்தில் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மூடியைத் திருப்பினாள். எதுவும் இல்லை என்பதே அவளுக்கு இன்னும் சந்தேகமாகப் பட்டது. “அப்பால வரேன்” என்று வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தாள். அங்கே அவள் இதே மாதிரிக் குண்டானுக்குக் கால் மணி நேரம் சண்டை போட்டு, இதைவிட அதிக விலைக்கு வாங்கி, சுமந்துகொண்டு ஜம்மென்று நடந்து போனதை ஷீலா பார்த்தாள்.

வேம்பு கையைத் துடைத்தபடி வந்து சங்கதியைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “ஏன்கா, அந்தம்மா குண்டான் வாங்கவா தி.நகர் வந்துச்சு? அது அவங்க தெருவுலயே கெடைக்கும். ஜெயிக்க வந்துச்சு. நீ விட்டியா? ஃபிஸிக்ஸ் வாத்தியாரை எல்லாம் கல்லாவுல உட்கார வெச்சா கடையை மூடிட்டு நான் பீச்சுல சுண்டல் விக்கணும்.”

வழக்கமாக இதற்குப் பதிலடி கொடுக்கிறவள் அன்று கொடுக்கவில்லை. “என்னாச்சு, உடம்பு சரியில்லையா?” என்று அவன் நெற்றியைத் தொட வந்தான். ஷீலா அவன் கையைத் தட்டிவிட்டாள். அரை வருடமாக ஜன்னல் பக்கத்து மேசைகளில் தான் என்ன வியாபாரம் செய்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கபாலியிடம் விடாமல் பேரம் பேசியிருக்கிறாள். அவனும் முட்டி மோதி ஜெயித்திருக்கிறான். பெண்களுக்கோ முதல் பேச்சிலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். பாசமாக, கண்ணு என்று கொஞ்சி. அவர்களும் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டுப் போகிறார்கள். ஷ்ரேயா போயே விட்டாள்.

*

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறையில் அவள் எதையும் மறைக்கவில்லை.

நெடுஞ்செழியன் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றவில்லை. “இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல சார்.”

“சொல்லாதீங்க.” எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “மேடம், நீங்க என்ன திருடினீங்களா? பிள்ளைங்களுக்கு உதவி பண்ணீங்க. உதவி பண்றது ஒரு குத்தமா? பொண்ணுங்க பழைய முறையில செஞ்சு மார்க் வாங்கட்டும், நீங்க அடையாறு போய் நல்ல பேர் வாங்குங்க, ஸ்கூலுக்கும் பேர். இதுல யாருக்கு நஷ்டம்?”

“பொண்ணுங்களுக்கு, சார்.”

“அவங்களுக்கே அது தெரியாதே மேடம்.”

அவர் கெட்டவர் இல்லை. நிர்வாகக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஷீலா கடையில் வளர்ந்தவள். பேரம் படியாதபோது என்ன செய்ய வேண்டும் என்று இந்த முறை மறக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அப்ப நான் நிஷாகிட்ட சொல்லிடறேன் சார். ‘மயிலாப்பூர் பொண்ணுங்களுக்கு இது ஒத்து வராது’ன்னு அவங்க கட்டுரையில அச்சாகறதுக்கு முன்னாடி.”

“உட்காருங்க மேடம்.”

“பரவால்ல சார்.”

“அட, உட்காருங்கன்றேன்ல.”

உட்கார்ந்தாள். பேச்சு வளர்ந்தது. பெண்களுக்கு வருடம் முழுக்கப் புது முறை வேண்டும் என்றாள் ஷீலா. முடியவே முடியாது என்றார் அவர். கடைசியில் திருப்புதல் தேர்வு வரைக்கும் என்று படிந்தது. அதன் பிறகு நிஷா மறுபடியும் கேள்வித்தாள் கொடுக்கட்டும், ஏறவில்லை என்றால் கையேடு. “அப்புறம் நீங்களே வந்து ‘சார் நீங்க சொன்னதுதான் சரி’ன்னு சொல்லணும்” என்று ஒரு கொசுறும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நிஷாவிடம் தொலைபேசியில் சொன்னாள். “சொன்னதுக்கு நன்றி மேடம்” என்றாள் நிஷா. “பயிற்சி விஷயம்… நாங்க கொஞ்சம் யோசிக்கணும்.” யோசித்து, வேறொரு பள்ளியின் ஜெயஸ்ரீ டீச்சருக்குக் கொடுத்தார்கள். காலை வழிபாட்டில் அதை யாரும் அறிவிக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்ன பிறகு ஷீலாவுக்கு மனம் லேசானது. அப்படி லேசானதுதான் அவளுக்கு உறுத்தியது. வணிகவியல் வகுப்பு ஜன்னலுக்குள் ஷ்ரேயா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பதை அவள் தினமும் கடந்து போக வேண்டியிருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து புன்னகைப்பாள். புன்னகைக்காமல் இருந்தால் தேவலை.

*

மிச்சம் இருந்தது பெண்களிடம் சொல்வது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

அரையாண்டு விடுமுறை முடிந்து முதல் ஆய்வக வகுப்பு. பையன்கள் அன்று விளையாட்டு மைதானத்தில் இருந்தார்கள். ஷீலா ஜன்னல் பக்கத்து மேசைகளுக்கு முன்னால் நின்று சொன்னாள்: “போன அரை வருஷம் உங்க சோதனையை எல்லாம் நான்தான் செஞ்சேன். நீங்க யோசிக்கறதுக்கு முன்னாடியே பதிலைச் சொல்லிட்டேன். பசங்களுக்கு அப்படிச் செய்யல. உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சேன். அது என் தப்பு.”

பின் மேசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். ஷண்முகப்ரியாதான் கேட்டாள்.

“அப்ப நாங்க மக்கு இல்லியா மிஸ்?”

“என்னம்மா சொல்றே?”

“இல்ல, நீங்க எப்பப் பாத்தாலும் எங்க டேபிளுக்கே வருவீங்க. கபாலி டேபிளுக்குப் போவவே மாட்டீங்க. அவனுங்களுக்கு மூளை கீது, தானா செஞ்சிக்குவானுங்க, எங்களுக்குத்தான் இல்ல, அதான் மிஸ்சு வராங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து தடம் மாறிப் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். “ஷ்ரேயாவும் அதான் நெனச்சிச்சு மிஸ். எங்கிட்ட சொல்லிச்சு.”

திட்டியிருந்தால் ஷீலா வாங்கிக்கொண்டிருப்பாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கேள்வியை எழுதினாள். சுண்ணாம்புக்கட்டி இரண்டு முறை உடைந்தது.

கேள்வி: ஒரு பந்து ஒவ்வொரு முறை தரையில் பட்டு எழும்பும்போதும் எவ்வளவு உயரத்தை இழக்கிறது? எப்போதும் ஒரே கணக்கிலா?

பந்தைப் போட்டார்கள். அது ஓடியது. ஷீலா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சுவரில் அடிமட்டம் ஒட்டினார்கள். பந்து எழும்பி நிற்கிற நொடி கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒருத்தி ஓர் அளவு சொன்னால் இன்னொருத்தி வேறு அளவு சொன்னாள். சண்டை வந்தது. “மிஸ், இதை எப்பிடி அளக்கறது?” என்று பின் மேசைக்காரி கேட்டாள். ஷீலாவின் வலது கை தானாகப் பின்னாலிருந்து அவிழ்ந்து வந்தது. அதை அவளே பார்த்தாள்.

“தெரியல” என்றாள். தெரியும். “நீங்க பாருங்க.”

“ஹெல்ப் பண்ண மாட்டீங்களா மிஸ்?”

“மாட்டேன்.”

இவ்வளவு நாள் கண்ணு என்று கொஞ்சியவள் மாட்டேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிடம் நின்றால் பந்தை வாங்கிப் போட்டுக் காட்டிவிடுவோம் என்று ஷீலாவுக்குத் தெரிந்துவிட்டது. தன் கைகள் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

உள்ளே பந்து விழுகிற சத்தம். கத்தல். எதுவோ உருண்டு உடைந்தது. “ஐயோ, டில்லி அண்ணே கொன்னுடுவாரு!” என்று ஒரு குரல். ஷீலாவின் கால் ஓர் அடி முன்னால் போய்த் திரும்பி வந்தது. பிறகு திடீரென்று உள்ளே சத்தமே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கைவிட்டுவிட்டார்களா? திருப்புதல் தேர்வு முடிந்ததும் நெடுஞ்செழியனிடம் போய் நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டியதுதானா? சொல்வதுகூடப் பெரிதில்லை. அந்தப் பெண்கள், அரை வருடமாக நினைத்ததையே இனி வாழ்நாள் முழுக்க நினைப்பார்கள்.

கதவு திறந்தது. ஷண்முகப்ரியா தலையை நீட்டினாள். மூக்கு நுனியில் சுண்ணாம்புத் தூள்.

உதவி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று ஷீலா நினைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அவள் அதை விரும்பினாள்.

“மிஸ், உங்க போனைக் குடுங்க.”

“எதுக்கு?”

“பந்து எவ்ளோ ஒசரம் போவுதுன்னு கண்ணால பாக்க முடியல. ஆனா கீழ படற சத்தம் கேக்குது பாருங்க. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு பாத்தா, அதுக்கேத்த ஒசரத்தைக் கணக்குப் போட்டுக்கலாமில்ல? ரெக்கார்ட் பண்ணிப் பாக்கணும்.”

ஷீலா மனதில் வைத்திருந்த வழி வேறு. வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. இது அவளுக்குத் தோன்றியதே இல்லை. போனைத் திறந்து கொடுத்தாள். கொடுத்த கையோடு தானும் உள்ளே நுழையப் போனாள்.

“மிஸ், மிஸ்! நீங்க வராதீங்க.” ஷண்முகப்ரியா வாசலை மறித்து நின்றாள். “உங்க செருப்பு டொக்கு டொக்குன்னு கேக்கும். ரெக்கார்ட் கெட்டுடும்.”

“நான் ஓரமா நின்னுக்கறேனே.”

“வாணாம் மிஸ். அங்கியே இருங்க.”

கதவு மூடியது. உள்ளே, “ஏ, எல்லாரும் வாயை மூடுங்கடி” என்று அதட்டல் கேட்டது.

நெடுஞ்செழியன் மாடிப்படி ஏறி வந்தார். தோல் செருப்பு வராந்தா முழுக்க ஒலித்தது. மூடிய கதவையும் அதற்கு வெளியே நின்ற டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன மேடம், உள்ள யாரு பாத்துக்கறா?”

“சார்” என்று ஷீலா கையைக் காட்டித் தடுத்தாள். “அங்கேயே நில்லுங்க. நடக்காதீங்க.”

தலைமையாசிரியர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். கதவுக்குப் பின்னால் பந்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. அப்புறம் இன்னும் சீக்கிரமாக, அதைவிடச் சீக்கிரமாக.